ஆழத்து மணற்கல்லில் களிமண் பூச்சைச் சோதிப்பது எப்படி?

எண்ணெயும் எரிவாயுவும் தேங்குவது மணற்கல்லின் துளைகளில். ஆழத்தில் அந்தத் துளைகளை அடைப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் சிமென்ட், அதாவது மணல்மணிகளின் மேல் வளரும் குவார்ட்ஸ் படிகம். வெப்பம் 70–80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் குவார்ட்ஸ் மணிகளின் வெறும் பரப்பில் அது வளரத் தொடங்கும். மணியைச் சுற்றிக் குளோரைட் என்ற களிமண் கனிமத்தின் பூச்சு இருந்தால் அந்த வளர்ச்சிக்குப் பிடி கிடைக்காது. நார்வேக் கடலின் ஹால்டன்பாங்கனில் பூச்சுள்ள டில்யே அடுக்கின் மணற்கற்கள் 4 கி.மீ.க்குக் கீழேயும் 20% நுண்துளைமையை (பாறையின் கன அளவில் துளைகளின் பங்கு) தாண்டுகின்றன. லூசியானாவின் டஸ்கலூசா மணற்கல்லிலும் இதே நிலைதான், இன்னும் ஆழத்தில்.

எனவே முதலில் அளக்க வேண்டியது, துளையைப் பார்த்த மணிப்பரப்பில் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்பது. களிமண்ணின் மொத்த அளவை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். 0.25 மி.மீ. மணியை 2 மைக்ரான் தடிமனில் மூட, மணியின் கன அளவில் ஏறக்குறைய 5% களிமண் போதும்; 0.125 மி.மீ. மணிக்கு 10% வேண்டும். அதே 5% நுண்மணலில் பாதிப் பரப்பை மட்டுமே மூடும்.

கோர் துண்டில் (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறை உருளை) துளைகள் தெரிய நீல எபாக்சிப் பிசினை வெற்றிடத்தில் ஏற்றி, 30 மைக்ரான் தடிமனில் தின் செக்‌ஷன் (ஒளி ஊடுருவும் மெல்லிய பாறைச் சீவல்) வெட்டுங்கள். நுண்ணோக்கியில் குறைந்தது 300 புள்ளிகளில் இருப்பது மணியா, சிமென்ட்டா, துளையா என்று எண்ணுங்கள். பிறகு 50 குவார்ட்ஸ் மணிகளை எடுத்து, மணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களை விட்டு, மீதி விளிம்பில் பூச்சு எவ்வளவு என்று மணிவாரியாகக் குறியுங்கள். சராசரியை நம்ப வேண்டாம், பூச்சு குறைவாக உள்ள மணிகளையே பாருங்கள். சில மைக்ரான் இடைவெளி கிடைத்தாலே குவார்ட்ஸ் வெளியே வந்து, பூச்சின் மேலேயே படர்ந்து பக்கத்து வளர்ச்சியோடு சேர்ந்துவிடும். சாதாரண நுண்ணோக்கியில் 1–2 மைக்ரான் பூச்சு தெளிவாகத் தெரியாது; உடைந்த புதுப்பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 1000 மடங்குக்கு மேல் பாருங்கள். மணி பெயர்ந்த தழும்பு வெறுமையாக இருந்தால், மணிகள் நெருங்கிய பின் வளர்ந்த பூச்சு அது. தழும்பிலும் களிமண் இருந்தால் மணலோடு வந்த பூச்சு அது. ஆற்றுக்களிமண்ணும் இரும்பும் கடல்நீரில் திரண்டு படியும் கழிமுக, அலையேற்ற மணல்களில் இவ்வகைப் பூச்சை எதிர்பார்க்கலாம்.

பூச்சு எந்தக் களிமண் என்று அறிய உதவும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் ஒரு பொறி உண்டு. இரும்பு மிகுந்த குளோரைட்டின் 7 ஆங்ஸ்ட்ராம் உச்சி வலுவாகவும் 14 மங்கலாகவும் வரும். கயோலினைட் என்ற வேறொரு களிமண்ணும் 7-இல்தான் காட்டும். 550 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடேற்றிப் பாருங்கள். கயோலினைட் உச்சி மறையும், குளோரைட்டின் 14 நிற்கும்.

அடுத்து, துளை எங்கே போனது என்று பிரிக்க வேண்டும். மணிகளுக்கிடையிலான வெளி 28%, அதில் சிமென்ட் 8%, தொடக்க நுண்துளைமை 40% என்று வைத்தால், இறுக்கத்தால் இழந்தது 40 − (60 × 28 ÷ 72) = 16.7 (60 என்பது 100 − 40, 72 என்பது 100 − 28). மீதி 23.3-ஐ 8/28-ஆல் பெருக்கினால் சிமென்ட்டால் இழந்தது 6.7. பூச்சு குறைப்பது இந்த இரண்டாவது எண்ணையே. களிப்பாறைத் துண்டு போன்ற நசுங்கும் மணிகள் அதிகமிருந்தால் முதல் எண் ஏறும், அதைப் பூச்சு தடுக்காது. கார்பனேட் சிமென்ட்டையும் அப்படித்தான்.

ஹீலியம் வாயுவால் அளக்கும் நுண்துளைமை பெரும்பாலும் தின் செக்‌ஷன் புள்ளி எண்ணிக்கையைவிடக் கூடுதலாக வரும், ஏனெனில் பூச்சின் கன அளவில் ஏறத்தாழ பாதி நுண்துளைதான். அதில் கட்டுண்ட நீரால் கிணற்றில் அளக்கும் மின்தடை குறைந்து, எண்ணெயுள்ள அடுக்கே தண்ணீர் அடுக்குபோலத் தெரியலாம். குளோரைட்டில் பொட்டாசியம் இல்லாததால் களிமண்ணைக் காட்டும் காமா கதிர் அளவும் எச்சரிக்காது.

இல்லைட் என்ற களிமண் வேறு மாதிரி. மணியோடு ஒட்டிய இல்லைட் தகடுகள் சிமென்ட்டைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் மணிகளின் தொடுபரப்பில் கரைவை ஊக்குவிக்கும். இழை இல்லைட் துளையின் குறுக்கே நீண்டு ஊடுருவுதிறனை (பாறை வழியே திரவம் பாயும் எளிமை) நசுக்கிவிடும். கோரை அடுப்பில் உலர்த்தினால் இழைகள் படுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் கிடைக்கும் ஊடுருவுதிறன் நிலத்தடி மதிப்பைவிட அதிகமாக வரும். சந்தேகமிருந்தால் அவசியம் கிரிட்டிக்கல் பாயிண்ட் முறையில் (திரவப் பரப்பின் இழுப்பு இல்லாமல் உலர்த்தும் முறை) உலர்த்துங்கள்.

குளோரைட் உள்ள கிணற்றில் வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்த வேண்டாம். கரைந்த இரும்பு, அமிலம் தீர்ந்து நீர் மீண்டும் நடுநிலைக்கு வரும்போது கூழாகப் படிந்து துளைவாய்களை அடைக்கும். இரும்பைக் கரைசலிலேயே பிடித்துவைக்க சிட்ரிக் அமிலம் சேர்த்து, செலவழிந்த அமிலத்தை உள்ளே தங்கவிடாமல் வெளியே எடுங்கள்.