உப்புத் தண்ணீர் ஊரில் துணி துவைப்பது எப்படி? முதல் அலசலைக் கவனியுங்கள்

வெள்ளை பனியன் சாம்பல் பூத்துப்போய், துண்டு காய்ந்ததும் தகரம் மாதிரி விறைத்து நிற்கிறதா? உடனே பவுடரை மாற்றாதீர்கள். சேலத்தில் நிறைய பேர் அதைத்தான் செய்கிறோம். இந்த மாதம் ஒரு பவுடர், அடுத்த மாதம் இன்னொன்று, அப்புறம் விலை கூடின லிக்விட். எங்கள் வீட்டிலும் அந்தச் சுற்று முழுக்க நடந்தது, துணி மட்டும் அப்படியே இருந்தது. பிரச்சினை தண்ணீரில் இருக்கிறது. அதிலும், கையில் இருக்கிற நல்ல தண்ணீரை எந்த நேரத்தில் ஊற்றுகிறோம் என்பதில் இருக்கிறது.

வெள்ளை, கலர் பிரிப்பது, பாக்கெட்டைத் துழாவுவது, ஜிப்பை மூடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். புதுச் சேலைக்கு மட்டும் ஒரு வார்த்தை. இளம்பிள்ளையில் எடுத்த அடர் நிறச் சேலையைக் கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். நிற்காது. ஆலையில் ஒழுங்காகப் பிடிக்காத சாயத்தை நம் வீட்டு உப்பு பிடித்து வைக்காது. முதல் சில தடவை தனியாகத் துவைத்து மிச்சச் சாயத்தைப் போகவிடுவதுதான் வழி. வேறு துணியில் சாயம் ஏறிவிட்டால் அதைக் காயப்போடாதீர்கள், ஈரமாக இருக்கும்போதே மறுபடி துவையுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

முதல் வேலை: தண்ணீரைச் சோதிப்பது

ஒரு காலி வாட்டர் பாட்டிலில் பாதிக்குப் போர் தண்ணீர், இன்னொன்றில் பாதிக்குக் காவிரித் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். இரண்டிலும் குளிக்கிற சோப்பைக் கத்தியால் சீவி ஒரே அளவு போடுங்கள். துணி பவுடர் வேண்டாம், அது எந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைத்து உங்களை ஏமாற்றும். மூடிவிட்டு நன்றாகக் குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை மேலே நிற்கும், கீழே தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக இருக்கும். உப்புத் தண்ணீரில் நுரை எழும்பாது, சோப்பு திரிந்து வெள்ளைத் திப்பி திப்பியாக மிதக்கும், பாட்டில் ஓரத்திலும் ஒட்டும்.

அந்தத் திப்பிதான் உங்கள் பனியனில் ஏறுகிறது. போர் தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறுகின்றன. ஏற்காடு மலை அடிவாரத்தில் வெள்ளைக் கல்லாக மேக்னசைட் வெட்டி எடுக்கிற ஊர் இது, நிலத்தடித் தண்ணீரில் மெக்னீசியம் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை. குடிக்கிற நமக்குத்தான் அந்தச் சலுகை. சோப்பு 200-லேயே முனக ஆரம்பித்துவிடும்.

டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது கரைந்திருக்கிற எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், இதில் கால்சியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. துணிக்கு பாட்டில் சோதனையே போதும்.

ஊறவைப்பது, துவைப்பது

நல்ல தண்ணீர் போதுமான அளவு இருந்தால் அதிலேயே ஊறவையுங்கள், வேறு எதுவும் வேண்டாம். இல்லையென்றால் சலவை சோடா. செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் கேட்டாலே கொடுப்பார்கள், மலிவு. சமையல் சோடாவைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது வேறு, இந்த வேலைக்கு வலு போதாது. ஒரு பக்கெட் போர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கலக்கிவிட்டு, துணியைப் போடாமல் அப்படியே கொஞ்ச நேரம் விடுங்கள். தண்ணீர் லேசாக வெண்மையாகி, அடியில் மாவு மாதிரி படியும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு பக்கெட்டுக்கு மெதுவாகச் சரித்துக்கொள்ளுங்கள். துணி, பவுடர், சோடா மூன்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் படிய வேண்டியது துணியிலேயே படிந்துவிடும். கை எரியும், கையுறை போடுங்கள். பட்டு, கம்பளி பக்கம் சோடாவைக் கொண்டுபோகவே கூடாது.

பவுடர் அளவு பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி. உப்புத் தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுவது உண்மைதான், ஆனால் நுரை வருகிற வரைக்கும் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் அதை அலசி முடிக்க முடியாது. ராத்திரி முழுக்க ஊறவைப்பதும் வேண்டாம், அரை மணி, முக்கால் மணி போதும்.

முதல் அலசல்

இதைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. நம் வீடுகளில் வழக்கம் என்ன? போர் தண்ணீரில் துவைத்து, போர் தண்ணீரிலேயே இரண்டு அலசல் போட்டு, கடைசியாக ஒரு முக்கு மட்டும் நல்ல தண்ணீரில். காவிரித் தண்ணீர் வருகிற நாள் பார்த்துப் பிடித்து வைத்ததை இப்படிக் கடைசிக்குக் காப்பாற்றி வைக்கிறோம். தலைகீழாகச் செய்ய வேண்டும்.

துவைத்து முடித்ததும் துணிக்குள் சோப்பு நிறைய இருக்கிறது. அந்த நேரத்தில் உப்புத் தண்ணீரில் போட்டால், இழைக்குள் இருக்கிற சோப்பு அங்கேயே, அந்த நிமிஷமே திரிகிறது. திரிந்து ஒட்டியதை அதற்கப்புறம் எத்தனை குடம் நல்ல தண்ணீர் ஊற்றினாலும் எடுக்க முடியாது. கையால் பார் சோப்பு போட்டுத் துவைக்கிற வீடுகளில் இது இன்னும் மோசம், பவுடரில் சற்றுக் குறைவு. ஆகவே நல்ல தண்ணீர் ஒரு பக்கெட்தான் இருக்கிறது என்றால் அதை முதல் அலசலுக்கு வையுங்கள். சோப்பு பெருமளவு போன பிறகு இரண்டாவது, மூன்றாவது அலசலைப் போர் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம், திரிவதற்குத் துணியில் அதிகம் மிச்சம் இருக்காது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அதைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். அலசலுக்குப் போடும் முன் துணியை நன்றாகப் பிழிந்துவிடுங்கள். வேட்டியை முறுக்க வேண்டாம், மடித்து அழுத்தினாலே பால் மாதிரி ஒரு தண்ணீர் ஒழுகும். அந்தத் தண்ணீரோடு போகிற சோப்பு உங்கள் ஒரே பக்கெட்டுக்குள் வராது.

மெஷினில் இதைச் செய்வதற்கு என் ஓட்டு செமி ஆட்டோமேட்டிக்குக்குத்தான், யார் என்ன சொன்னாலும். துவைத்ததும் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் ஒரு நிமிஷம் சுற்றவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரை ஊற்றி அலசலாம், எந்தத் தண்ணீரை எப்போது ஊற்றுவது என்பது நம் கையில் இருக்கிறது. டாப் லோட் ஆட்டோமேட்டிக்கில் துவைப்பு முடிந்து சோப்புத் தண்ணீர் வெளியேறியதும் நிறுத்தி, பக்கெட்டால் நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டலாம். ஃப்ரண்ட் லோடில் அந்த வசதி கிடையாது, குழாயில் வருவது உப்புத் தண்ணீர் என்றால் சாஃப்ட்னர் கருவி இல்லாமல் அதை வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரியாக அலசினோமா என்று பார்க்க கறுப்புப் பேண்ட் போதும். காய்ந்த பிறகு மடிப்போரத்தில், பாக்கெட் தையலில் விரலால் தேயுங்கள். வெள்ளையாகத் தூள் ஒட்டினால் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஏற்கெனவே விறைத்துப்போன துண்டுகளுக்கு, அரை பக்கெட் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து அரை மணி ஊறவைத்து, அப்புறம் நல்ல தண்ணீரில் துவையுங்கள். துண்டுக்கு கண்டிஷனர் போடாதீர்கள், மெத்தென்று ஆகும், ஆனால் ஈரத்தை இழுக்காது.

கறை

தட்டுவடை செட் சாப்பிடுகிற ஊர்க்காரர்களுக்கு இது அவசியம். பீட்ரூட் துருவல் விழுந்தால் உடனே பச்சைத் தண்ணீரில் பின்பக்கமிருந்து ஓடவிட்டால் பெரும்பகுதி போய்விடும். கார சட்னியில் எண்ணெய் இருக்கிறது, பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு போட்டுத் தேய்த்த பிறகே தண்ணீர். ரத்தம், பால், முட்டைக்கு வெந்நீர் கூடவே கூடாது, கறை வெந்து இறுகிவிடும்.

மஞ்சள் கறை வேறு விதம். சாம்பார் பட்ட இடத்தில் சோப்பைத் தேய்த்ததும் பளிச்சென்று சிவப்பாக மாறும், பயந்துபோய் இன்னும் சோப்பு போடுவார்கள். மஞ்சளில் இருக்கிற குர்குமின் சோப்பின் காரத்தன்மை பட்டதும் சிவப்பாகும், அவ்வளவுதான், அலசினால் பழையபடி மஞ்சளுக்குத் திரும்பும். அந்த மஞ்சளைப் போக்குவது வெயில். வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதையும். கறை மேலே தெரிகிற மாதிரி மொட்டை மாடி வெயிலில் போடுங்கள், போதவில்லையென்றால் நனைத்து மறுபடி. சேலத்து வெயிலுக்கு அந்த ஒரு உபகாரமாவது இருக்கிறது.

வெண்பட்டு, நீலம், கஞ்சி

சேலம் வெண்பட்டு வேட்டியைச் சாதாரண பவுடரில் போடாதீர்கள். பட்டு ஒரு புரதம், பவுடரில் ‘என்சைம்’ என்று போட்டிருப்பதில் பெரும்பாலும் புரதத்தைத் தின்னுகிற சங்கதி இருக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் அல்லது மென்மையான ஷாம்பு, பச்சைத் தண்ணீர், துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து நிழலில் காயவைப்பது. நேரடி வெயிலில் பழுப்பேறும்.

சொட்டு நீலம் அழுக்கை எடுக்காது, பழுப்பை மறைக்கும். கடைசித் தண்ணீரில் முதலில் நீலத்தைக் கலக்கிவிட்டுத் துணியை விரித்து முக்குங்கள். கஞ்சிக்கு ஜவ்வரிசிதான், ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு ஸ்டார்ச் ஸ்ப்ரே வாங்குவது என்ன நியாயம்? இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை வேகவைத்து, துணியில் வடிகட்டி, அரை பக்கெட் தண்ணீரில் கலந்தால் இரண்டு காட்டன் சேலைக்கு வரும். வடிகட்டாவிட்டால் இஸ்திரி போடும்போது திட்டுத் திட்டாகத் தெரியும்.

பின்சேர்க்கை

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீர் வீணாகிறதே, அதில் துவைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது, போர் தண்ணீரைவிட மோசம். தரை துடைக்க, கழிப்பறைக்கு வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நேர்மாறு, உப்பே இருக்காது, முதல் அலசலுக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர், மழைக்காலப் பனிமூட்டத்தில் துணி காயாமல் நாறுகிறது என்றார். 1500 மீட்டர் உயரத்தில் மேகமே கொடியில் வந்து உட்கார்ந்தால் வேறென்ன ஆகும். நாற்றம் வருவது நெடுநேரம் ஈரமாகக் கிடக்கிற துணியில் பெருகும் கிருமிகளால். கொஞ்சமாகத் துவையுங்கள், ஸ்பின்னை இரண்டு முறை ஓட்டுங்கள், வீட்டுக்குள் ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் விட்டுப் போட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுங்கள். ஸ்வெட்டரை மட்டும் கொடியில் தொங்கவிடாமல் படுக்கையாக விரியுங்கள், தொங்கினால் நீண்டுவிடும்.

ப்ளீச் போட்டதும் வெள்ளைச் சட்டை இன்னும் மஞ்சளாகிவிட்டது என்றும் ஒரு கேள்வி. தண்ணீரில் இரும்பு இருந்தால் ப்ளீச் அதைத் துருவாக்கித் துணியிலேயே படியவைக்கும். எலுமிச்சைச் சாறு தடவி ஊறவைத்தால் துரு இளகும், ஆனால் ப்ளீச்சை நாலைந்து தண்ணீரில் முழுசாக அலசிய பிறகே எலுமிச்சையோ வினிகரோ அதன் பக்கத்தில் வரவேண்டும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அதனால் இந்த வேலையைக் குளியலறையில் வைத்துக்கொள்ளாமல் மாடியிலோ கொல்லையிலோ செய்யுங்கள்.