பால்சா விமானத்துக்கு டோப்: வாங்கும்போதும் பூசும்போதும் நடக்கும் தவறுகள்

பால்சா மரத்தில் செய்யும் மாதிரி விமானத்தின் மரத்துக்கும் மேலே ஒட்டும் காகிதத்துக்கும் பூசுகிற திரவம்தான் டோப். அதை வாங்கக் கிளம்பும் பலரும் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். முதலில் முடிவாக வேண்டியது விமானத்தை எது ஓட்டப்போகிறது என்பது. ரப்பர் பேண்டா, பேட்டரி மோட்டாரா, மெத்தனால் எரிபொருளில் ஓடும் சின்ன க்ளோ எஞ்சினா? இதைச் சொல்லாமல் டோப்பைப் பற்றிப் பேசவே முடியாது.

டோப்பில் முக்கியமாக இரண்டு வகை, நைட்ரேட்டும் பியூட்டிரேட்டும். நைட்ரேட் மரத்தையும் டிஷ்யூவையும் (சட்டத்தின் மேல் ஒட்டும் மெல்லிய காகிதம்) நன்றாகப் பற்றிக்கொள்ளும், ஆனால் க்ளோ எரிபொருளில் இருக்கும் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் பட்டால் இளகிப் பிசுபிசுத்துவிடும். சைலன்சர் வழியாக எண்ணெய் தெறிக்கும் இடமெல்லாம் கொஞ்ச நாளில் உரியத் தொடங்கும். பியூட்டிரேட் அந்த எரிபொருளைத் தாங்கும் (நைட்ரோ ரொம்ப அதிகமாக இருந்தால் அதுவும் தோற்கும்), ஆனால் வெறும் மரத்தில் அதன் பிடிப்பு அவ்வளவு உறுதியில்லை. கிளைடர், ரப்பர் விமானம், பேட்டரி விமானம் என்றால் நைட்ரேட்டே போதும். எஞ்சின் விமானம் என்றால் அடியில் நைட்ரேட், மேலே பியூட்டிரேட் என்று பூசுவது பழைய, நம்பகமான வழி. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் பெரிய தவறு. பியூட்டிரேட்டின் மேல் நைட்ரேட் ஒட்டாமல் விரிசல் விட்டுக் கிளம்பும், அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டோப் சென்னையில் எளிதாகக் கிடைப்பதில்லை, சட்டென்று தீப்பிடிக்கும் திரவம் என்பதால் கூரியரிலும் சிக்கல். அதனால் பாரிமுனைப் பக்கம் ஏதாவது பெயின்ட் கடையில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் டப்பாவை வாங்கிவந்து "இரண்டும் நைட்ரோசெல்லுலோஸ்தானே" என்று பூசுகிறார்கள். அடிப்படைப் பொருள் ஒன்றுதான், ஆனால் மேசை நாற்காலிக்கான லாக்கரில் பளபளப்புக்காக ரெசினும், விரிசல் விடாமல் இருக்க நெகிழ்வுப் பொருளும் சேர்த்திருப்பார்கள். டிஷ்யூவை டோப் இழுத்து விறைப்பாக்குவது போல அது இழுக்காது, எடையும் கூடும். பால்சாவின் துளைகளை அடைக்க என்சி சாண்டிங் சீலரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், தேய்த்து வழவழப்பாக்கவும் எளிது. திறந்த ரிப்களின் (இறக்கையின் குறுக்குச் சட்டங்கள்) மேல் ஒட்டிய டிஷ்யூவுக்கு மட்டும் லாக்கர் வேண்டாம். தின்னரிலும் கவனம் தேவை. எனாமலுக்கு ஊற்றும் டர்பன்டைனை டோப்பில் ஊற்றினால் கரையாது, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகப் பிரிந்துவிடும். எந்தத் தின்னராக இருந்தாலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் கலந்து பார்த்துவிட்டு அப்புறம் டப்பாவில் ஊற்றுங்கள்.

அடுத்தது, இழுவிசை. நன்றாக இறுக்கும் டோப்தான் உயர்ந்தது என்று நினைத்து அதையே மெல்லிய வால் பகுதிக்கும் பூசினால், காய்ந்ததும் அது வாழை மடல் மாதிரி வளைந்து நிற்கும். சின்ன விமானங்களுக்கு இறுக்கம் குறைந்த டோப் வேண்டும், அல்லது நைட்ரேட்டில் சில சொட்டு விளக்கெண்ணெய் கலந்துகொள்ளலாம். சில சொட்டுதான், அதிகமானால் காயாமல் பிசுக்காகவே கிடக்கும். பியூட்டிரேட் மாதக்கணக்கில் மெதுவாகச் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டிஷ்யூவை முதலில் தண்ணீர் தெளித்து இறுக்கிவிட்டு, பாதிக்குப் பாதி தின்னர் கலந்த டோப்பை இரண்டு மூன்று முறை மெல்லிசாகப் பூசுங்கள். இறக்கையின் மேலும் கீழும் ஒரே அமர்வில் பூசி, பலகையில் ஊசி குத்திப் பிடித்துவைத்தே காயவிடுங்கள். கெட்டியாக ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் எத்தனையோ நல்ல இறக்கைகள் முறுக்கிப் போயிருக்கின்றன, பார்க்கவே மனசு கேட்காது.

இனி நம்ம ஊர்க் காற்று. இந்த ஊரில் டோப்பைக் கெடுப்பதில் முதலிடம் ஈரப்பதத்துக்குத்தான். டோப்பின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் நீராகப் படிகிறது, அந்த நீர் செல்லுலோஸைப் பிரித்து வெளியே தள்ளுகிறது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போகும். பார்க்க அசிங்கம் என்பதோடு அந்தப் படலத்துக்கு வலுவும் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் மழை விட்ட இடைவெளியில் அவசரமாகப் பூசுவது, மார்கழி விடியலில் மொட்டை மாடியில் பூசுவது, பெசன்ட் நகர் மாதிரி கடலோர வீட்டில் கடல்காற்று ஏறிய பிறகு ஜன்னலைத் திறந்துவைத்துப் பூசுவது, மூன்றுமே வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, கடல்காற்று வருவதற்கு முன்னால் இருக்கும் முற்பகல் நேரம்தான் இங்கே நமக்கு வாய்த்தது. அப்போதும் காற்று கனமாகத் தெரிந்தால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டரைக் கொஞ்சம் சேருங்கள். நிறையச் சேர்த்தால் காயவே காயாது. ஏற்கெனவே பூத்துவிட்டதா? நல்ல வறண்ட நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மேலே லேசாகத் தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மேலே மேலே டோப்பைப் பூசி மறைக்கப் பார்க்காதீர்கள், எடைதான் ஏறும்.

தெர்மாகோல் பாகங்கள் இருக்கும் விமானத்தில் டோப் பட்டால் அந்த இடமே கரைந்து குழியாகிவிடும். எனாமல் அடித்த மரத்தின் மேல் டோப் பூசினால் எனாமல் சுருங்கிக் கிளம்பும். டோப் நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் எனாமல் அடிப்பதில் சிக்கல் இல்லை.

ஏசி போட்டு மூடிய படுக்கையறையில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், ஈரம் குறைவு என்ற நல்ல காரணத்துக்காகத்தான். ஆனால் அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும், நெருப்புப் பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். நைட்ரேட் காய்ந்த பிறகும் பயங்கர வேகத்தில் எரியக்கூடியது. பூஜை விளக்கு எரியும் வீட்டில், அடுப்பு பக்கத்தில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். பிரஷ் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாமல், வெளியே விரித்துக் காயவிட்டு, தண்ணீரில் நனைத்த பிறகு தூக்கிப் போடுங்கள்.