பழைய தூதர் கடிதங்களின் சங்கேதத்தை உடைக்க வருகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளின் சங்கேதக் கடிதங்களை உடைக்கப் பழகுகிறவர்கள் சிலர், சிக்கிக்கொண்டதும் தங்கள் தாள்களை என்னிடம் அனுப்புவார்கள். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பல வருஷத்துக்கு முன் நான் செய்த அதே பிழைகள். வரி விட்டுப்போவது, எண்ணிக்கை பிசகுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

புள்ளியை மைக்கறை என்று நினைப்பது

எல்லோருக்கும் சீக்கிரம் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதனால் படியெடுக்கும் வேலையை, அதாவது ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்து எழுதும் வேலையை, ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். வளைந்த குறி ஒன்று தலையில் புள்ளியோடும் வரும், புள்ளி இல்லாமலும் வரும். ‘பேனா சிந்தியிருக்கும்’ என்று இரண்டுக்கும் ஒரே எண் போட்டுவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் இதற்கு இரண்டு மாதம் கொடுத்தேன். ஸ்பானியக் கடிதம், பதினோரு பக்கம். நிரல் குப்பையாகவே கக்கியது. முதலில் நிரலைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் மொழியை. கடைசியில் இரண்டு முறை மறைத்து எழுதியிருக்கிறார்கள் என்றுகூட முடிவு கட்டினேன். ஒருநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தப் புள்ளிகள் எல்லாம் குறிக்கு மேலே ஒரே உயரத்தில், ஒரே பக்கமாக இருந்தன. மைக்கறை அப்படி விழாது. அவை உயிரெழுத்துகள். க, கி, கூ மூன்றையும் ஒரே எழுத்தாக எண்ணிக்கொண்டு தமிழ் படிக்க முயன்றது போலத்தான் நான் செய்திருந்தேன். தமிழ் படித்த கண்ணுக்கு இது முதல் நாளே பட்டிருக்க வேண்டும்.

இது அபூர்வமான முறையும் இல்லை. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1547-இல் பிரான்சிலிருந்த தன் தூதர் ழான் த சேன்-மோரிஸுக்கு எழுதிய கடிதம் நான்சி நகர நூலகத்தில் இருக்கிறது. சுமார் 120 குறிகள். 2022-இல் செசில் பியரோவின் குழு அதை உடைத்தபோது, மெய்க்குப் பின் வரும் உயிர்கள் பெரும்பாலும் இப்படிச் சிறு அடையாளங்களாகவே இருந்தன.

ஆகவே சந்தேகம் வந்தால் பிரித்து வையுங்கள். தனித்தனியாக வைத்த இரண்டு எண்களைப் பிறகு ஒன்றாக்க ஒரு நொடி போதும். ஒன்றாக்கியதைப் பிரிக்க வேண்டுமென்றால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து உட்கார வேண்டும். ஒரு பக்கத்தைப் படியெடுத்து, நாலு நாள் கழித்து பழையதைப் பார்க்காமல் மீண்டும் படியெடுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் உங்கள் கண் ஏமாறுகிறது.

காப்பகப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்வது

பிரான்சின் தேசிய நூலகத்தில் சில சங்கேதக் கடிதங்கள், 16-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி இத்தாலிய விவகாரங்கள் என்று பதிவாகிக் கிடந்தன. ஜார்ஜ் லாஸ்ரி, நோர்பெர்ட் பியர்மான், சதோஷி தொமொகியோ மூவரும் இத்தாலிய மொழி என்று வைத்துத் தொடங்கினார்கள், நகரவில்லை. பிரெஞ்சு என்று மாற்றியதும் வழி திறந்தது. எழுதியவர் பெண், சிறையில் இருப்பவர், ஒரு மகனின் தாய் என்பது தெரிந்தது. எலிசபெத் அரசியின் உளவுத் தலைவர் வால்சிங்கமின் பெயரும் வந்தது. இங்கிலாந்தில் காவலில் இருந்த ஸ்காட்லாந்து அரசி மேரி 1578 முதல் 1584 வரை எழுதிய 57 கடிதங்கள் அவை. பட்டியல் எழுதியவரும் அந்தத் தாளைப் படிக்க முடியாதவர்தானே.

எல்லாக் குறிக்கும் பொருள் தேடுவது

சில குறிகள் வெறும் ஏமாற்று. சில, முன்னால் வந்ததை அழி என்று சொல்பவை.

ஒரே ஒருமுறை வரும் எண்ணுக்குக் கதை கட்டுவது

சங்கேதம் உடைப்பதில் எத்தியென் பசெரி பெரிய ஆள். பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் மகா சங்கேதத்தை, அதாவது அசைகளுக்குப் பதில் எண்கள் எழுதும் முறையை, 1890-களில் உடைத்தவர். திரும்பத் திரும்ப வந்த ஓர் எண்வரிசையை ‘எதிரிகள்’ என்ற சொல்லாக ஊகித்து, அதைப் பிடித்துக்கொண்டே மற்ற அசைகளை வெளியே இழுத்தார். பல இடத்தில் வந்ததால் அந்த ஊகத்தைச் சோதிக்க முடிந்தது. ஆனால் தளபதி புலோந்தைச் சிறையிலிட உத்தரவிடும் 1691-ஆம் ஆண்டுக் கடிதத்தில், வேறெங்கும் வராத ஓர் எண்ணை ‘முகமூடி’ என்று படித்து, லூயியின் சிறையில் முகம் மறைத்து வைக்கப்பட்டிருந்த, யாரென்று தெரியாத ‘இரும்பு முகமூடி மனிதன்’ இந்தப் புலோந்த்தான் என்று அறிவித்தார். அந்தக் கைதி 1703-இல் இறந்தார். புலோந்த் அதற்குப் பிறகும் சில வருஷம் உயிரோடிருந்தார். உங்களுக்கு அப்படி ஓர் எண் வந்தால் கேள்விக்குறி போட்டு விட்டுவிடுங்கள்.

ஒரே கடிதத்தோடு மல்லுக்கட்டுவது

சார்லஸ் கடிதத்தின் முடிச்சு முழுதாக அவிழ உதவியது பெசான்சோன் நகரில் கிடைத்த இன்னொரு கடிதம். அதன் ஓரத்தில் பழைய கை ஒன்று விடையை எழுதி வைத்திருந்தது.