டயட்டம் புதிய இனமா? அதன் ஓட்டிடம் கேளுங்கள்

டயட்டம் என்பது சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச்செல் பாசி; ஓட்டிலுள்ள வரிகளையும் துளைகளையும் வைத்துத்தான் இனத்தைப் பிரிக்கிறோம். அண்டார்டிக்கா மாதிரியில் கைவைக்குமுன் வேலூர்க் கோட்டை அகழிக் கல்லின் வழுவழுப்பைச் சுரண்டிப் பழகுங்கள். சுத்தம் செய்யும் முறை ஒன்றுதான்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பைக் கரைத்து, நன்றாகக் கழுவுங்கள். கையுறையோடு 30% ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சூடாக்குங்கள். அவசரப்பட்டால் பொங்கி மாதிரியே போய்விடும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஐந்து முறை தெளியவைத்து இறுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு படிந்து ஓட்டின் வரிகளை மறைக்கும்.

ஓடுகளை நாஃப்ராக்ஸ் என்ற பிசினில் கண்ணாடித் தகட்டில் பதித்து, 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் 10 மைக்ரானுக்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள். ஒரே ஓட்டின் அளவை நம்பாதீர்கள்: செல் பிரியப் பிரிய நீளம் குறையும், வரியடர்த்தி அவ்வளவாக மாறாது. லூட்டிகோலா என்ற டயட்டம் பேரினம் என்றால் நடுவிலுள்ள தனித்துளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். அண்டார்டிக்கா டயட்டத்துக்கு ஐரோப்பிய இனத்தின் பெயரை அப்படியே ஒட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.