நல்ல கடை சொல்லுங்க என்று கேட்டால்: பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பக்கத்துல சாப்பிட நல்ல கடையா ஒண்ணு சொல்லேன்" என்று யாராவது கேட்டால் என் வாய் சும்மா இருக்காது. அவர் கேட்டு முடிப்பதற்குள் கடையின் பெயர் வந்துவிடும். அப்படி அவசரப்பட்டுச் சொன்ன ஒரு பதில்தான் இதைப் பற்றி என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது.

நண்பர் ஒருவர் தன் அம்மா அப்பாவை அழைத்துப் போக ஓர் இடம் கேட்டார். மாதத்தில் நான்கைந்து முறை நான் சாப்பிடும் சின்னக் கடை ஒன்றைச் சொன்னேன். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உட்காரும் இடம் மாடியில். படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். கைப்பிடி ஒரு பக்கம்தான். மேலே போனால் முதுகு சாய முடியாத ஸ்டூல்கள். நண்பரின் அம்மாவுக்கு முழங்கால் வலி. பாதிப் படி ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, நான் கீழயே இருக்கேன்" என்றாராம். கடைசியில் பார்சல் கட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நண்பர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தப் படியில் நூறு முறையாவது ஏறி இறங்கியிருப்பேன். ஒருநாளும் அது என் கண்ணில் பட்டதில்லை.

கேட்பவரைப் பற்றி விசாரிக்காமல் பதில் சொல்வதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கிறது. யார் யார் போகிறார்கள், எத்தனை பேர், எந்த நேரம், அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டுமா, உட்கார்ந்து பேச வேண்டுமா, எவ்வளவு செலவு செய்ய நினைக்கிறார்கள், எதைச் சாப்பிட மாட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டாலும் ஒரு நிமிஷம்தான் ஆகும். கைக்குழந்தையோடு வருபவருக்குத் தேவைப்படும் கடையும், பத்து வருஷம் கழித்துச் சந்திக்கும் இரண்டு நண்பர்களுக்குத் தேவைப்படும் கடையும் வேறு வேறு. நமக்குப் பிடித்த கடை இரண்டுக்கும் பொருந்தாமல் போகலாம்.

"எல்லாமே நல்லா இருக்கும்"

பெரிய உணவகங்களில் இந்த வாக்கியம் ஓரளவுக்காவது எடுபடும். சின்னக் கடைகளில் எடுபடாது. அங்கே பெரும்பாலும் ஓர் அடுப்போ இரண்டு அடுப்போதான் இருக்கும், சமைப்பவரும் ஒருவரோ இருவரோதான். வருஷக்கணக்காகச் செய்து செய்து கையில் படிந்துபோன இரண்டு மூன்று பதார்த்தங்கள் இருக்கும். மற்றவை, கேட்கிறார்களே என்பதற்காகப் பட்டியலில் சேர்த்தவை. வழக்கமாகப் போகிறவர் பட்டியலைக் கையில் எடுப்பதே இல்லை. புதிதாகப் போகிறவர் பட்டியலைப் பார்த்துக் கடைசி வரியில் இருப்பதைக் கேட்பார். அது சுமாராக வரும். "இதைப் போயா அவ்வளவு புகழ்ந்தார்கள்" என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

அதனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று பெயர் சொல்லியே அனுப்புங்கள். எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய அரை மணி நேரத்தில் இருக்கும் ருசி, மூன்று மணி நேரம் பாத்திரத்தில் கிடந்த பிறகு இருக்காது. காலையில் கொடிகட்டிப் பறக்கும் கடை இரவில் வேறு ஆள் கையில் இருக்கலாம். இந்த விவரமெல்லாம் எந்தச் செயலியிலும் கிடைக்காது, தினமும் போகிறவரிடம்தான் கிடைக்கும். நம்மைத் தேடி வந்து கேட்கிறார்கள் என்றால் இதற்காகத்தான்.

ஒரு தடவை சாப்பிட்டதை வைத்துச் சொல்வது

கிரெய்க் கிளைபோர்ன் என்பவர் 1957ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் உணவுப் பகுதியின் ஆசிரியரானார். உணவக விமர்சனத்துக்கு அவர் வகுத்த நெறிகளைத்தான் பிறகு வந்த விமர்சகர்கள் பலரும் பின்பற்றினார்கள். தான் யார் என்று சொல்லக் கூடாது, ஒரே கடைக்குப் பல முறை போக வேண்டும், பில்லைப் பத்திரிகைதான் கட்ட வேண்டும். உணவகங்களுக்கு நட்சத்திரத் தகுதி கொடுக்கும் மிஷலின் வழிகாட்டி நூலின் ஆய்வாளர்களும் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போய், காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறார்கள். நட்சத்திரம் கொடுக்க அவர்கள் பார்க்கும் ஐந்து அளவுகோல்களில் ஒன்று, எப்போது போனாலும் அதே தரம் இருக்கிறதா என்பது.

நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு நாள், நல்ல பசியில், நல்ல மனநிலையில், பிடித்த ஆளோடு உட்கார்ந்து சாப்பிட்டதை வைத்து ஒரு கடையைத் தூக்கிப் பிடிக்காமல் இருக்கலாம். அன்றைக்கு ருசித்ததில் கடையின் பங்கு எவ்வளவு, பக்கத்தில் இருந்தவரின் பங்கு எவ்வளவு என்று நமக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டாவது முறை தனியாகப் போய் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

இதன் மறுபக்கம், பழைய நினைவை வைத்துச் சொல்வது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சாப்பிட்ட கடையை நேற்றுச் சாப்பிட்டதுபோலச் சொல்லிவிடுகிறோம். சின்னக் கடையில் ருசி என்பது ஓர் ஆளின் கைப்பக்குவம். மாஸ்டர் மாறினால் பலகையில் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே கடை மாறியிருக்கும். "நான் கடைசியாப் போய் ஒரு வருஷம் ஆச்சு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் கேட்பவர் அதற்கேற்பத் தயாராகப் போவார்.

வழி சொல்வதில் அலட்சியம்

சின்னக் கடைகளில் பலவற்றுக்குப் பலகை இருக்காது. இருந்தாலும் ஊரார் கூப்பிடும் பெயர் ஒன்று, பலகையில் எழுதியிருப்பது வேறொன்று. அதே பெயரில் அடுத்த தெருவில் இன்னொரு கடையும் இருக்கலாம். வரைபடத்தில் இருக்கும் புள்ளி சில நேரம் பின்பக்கச் சந்துக்குக் கொண்டுபோய் விடும். எதிரில் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் வாசல், எந்த நாள் விடுமுறை, காசாகத்தான் கொடுக்க வேண்டுமா, எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகும் என்பதையெல்லாம் சொல்லி அனுப்புங்கள். "தீர்ந்தால் மூடிவிடுவார்கள்" என்பது நமக்கு அந்தக் கடையின் பெருமை. தெரியாமல் போய் நிற்பவருக்கு அது பூட்டிய கதவு.

அதிகமாகப் புகழ்வது, குறையை மறைப்பது

"இந்த மாதிரி உலகத்துலயே கிடைக்காது" என்று சொல்லி அனுப்பினால், போகிறவர் சாப்பிடும்போது சாப்பாட்டோடு நம் வாக்கியத்தையும் சேர்த்தே மெல்லுகிறார். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சொன்ன அளவுக்கு இருக்காது. ஏமாந்ததுபோல அவருக்குத் தோன்றும். பாவம், கடைக்காரர் அந்த வாக்குறுதியைக் கொடுக்கவே இல்லை.

குறையைச் சொன்னால் கடைக்குக் கெட்ட பெயர் வருமோ என்று பயந்து பலர் சொல்வதில்லை. என் அனுபவத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. "காத்தோட்டம் குறைவு, மின்விசிறிக்குக் கீழ இடம் பார்த்து உட்காருங்க. கல்லாவுல இருக்கிறவர் சிரிக்க மாட்டார், ஆனா கேட்டதை முகம் சுளிக்காமக் கொடுப்பார். காரம் தூக்கலா இருக்கும்" என்று சொல்லி அனுப்பியவர்கள்தான் திருப்தியாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். தெரிந்தே போவதால் அந்தக் குறை அவர்களை உறுத்துவதில்லை.

உடல்நலம் பற்றிய உத்தரவாதம்

இதில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவருக்கு ஏதாவது ஒவ்வாமை இருக்கிறது என்று தெரிந்தும், "அதெல்லாம் அங்கே சேர்க்க மாட்டாங்க, தைரியமாப் போங்க" என்று நாம் சொல்லக் கூடாது. நாம் சாப்பிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். சமையலறைக்குள் போனதில்லை. சின்ன இடத்தில் ஒரே கரண்டி, ஒரே எண்ணெய், ஒரே பலகை பலவற்றுக்கும் புழங்கும். பட்டியலில் பெயரே இல்லாத பொருள் தட்டுக்கு வர அது போதும். கடுமையான ஒவ்வாமை சில நிமிஷங்களில் மூச்சுத் திணறலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து சட்டமாகவே நடைமுறையில் இருக்கிறது. சட்டம் போட்டுக் கவனிக்க வேண்டிய விஷயத்தில் நம் ஞாபகத்தை நம்பி யாரையும் அனுப்ப வேண்டாம். "கடையில் நேராகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்" என்பதுதான் சரியான பதில். சைவம், மத விதிகள், மருத்துவர் விதித்த பத்தியம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

நட்சத்திரம் போடும்போது

வாய்வார்த்தையாகச் சொல்வது பத்துப் பேரை எட்டும். இணையத்தில் போடும் மதிப்பெண் கடையின் பிழைப்பையே தொடும். ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் வாடிக்கையாளர்கள் விமர்சனம் எழுதும் எல்ப் இணையதளத்தில் அவற்றுக்குக் கிடைத்த மதிப்பெண்களையும் ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று அதில் தெரியவந்தது. கவனிக்க வேண்டியது, இந்த விளைவு தனிக்கடைகளில்தான் தென்பட்டது. கிளைகள் பல கொண்ட பெரிய நிறுவனங்களில் தென்படவில்லை. காரணம் எளிதாகப் புரியக்கூடியதுதான். பெரிய நிறுவனத்தின் பெயர் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், நட்சத்திரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. மூலைக்கடைக்கு அந்த எண்தான் முகம்.

அதனால், மழையில் நனைந்து எரிச்சலோடு போன நாளில், பார்சல் கொண்டுவந்தவர் தாமதித்ததற்காக, பக்கத்து மேசைக்காரர் சத்தமாகப் பேசியதற்காக ஒற்றை நட்சத்திரம் போடாதீர்கள். குறை உண்மையிலேயே கடையுடையது என்றால் முதலில் கல்லாவில் சொல்லுங்கள். சின்னக் கடையில் கல்லாவில் இருப்பவர் பெரும்பாலும் முதலாளிதான், அங்கேயே சரிசெய்ய அவரால் முடியும்.

ஐந்து நட்சத்திரத்திலும் தவறு நடக்கிறது. சாப்பிடாமலேயே, தெரிந்தவர் கடை என்பதற்காகப் போடுவது. 2017இல் ஊபா பட்லர் என்பவர் லண்டனில் தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் தளத்தில் பதிந்து, நண்பர்களைக் கொண்டு பொய் விமர்சனங்கள் எழுத வைத்தார். ஒருவருக்குக்கூடச் சாப்பாடு போடாமலேயே அது அந்த நகரத்தின் முதலிடத்துக்கு வந்தது. ஒவ்வொரு நண்பரும் ஒரே ஒரு பொய்தான் எழுதியிருப்பார். அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையம் பொய் விமர்சனங்களைத் தடைசெய்யும் விதியை 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடைக்காரர் உறவினர் என்றாலோ, காசு வாங்காமல் சாப்பாடு போட்டார் என்றாலோ அதையும் சேர்த்தே எழுதுங்கள். மறைத்துவிட்டு எழுதினால், பிறகு தெரியவரும்போது நாம் சொன்ன மற்ற கடைகளின் மேலும் சந்தேகம் விழும்.

கடைக்காரரை மறந்துவிடுவது

பரிந்துரையால் கடைக்கு நல்லதுதான் நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. பன்னிரண்டு பேர் உட்காரும் இடத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் பதினைந்து பேரை அனுப்பினால், அன்றைக்கு வழக்கமாக வரும் எல்லோரும் திரும்பிப் போக வேண்டியதுதான். சமைப்பவர் அவசரத்தில் செய்வார், ருசியும் கெடும். கூட்டமாகப் போகிறவர்களை முதல் நாளே போன் செய்யச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் ஒரு சின்னக் கடையைப் படத்தோடு போடுவதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "இப்ப வேண்டாம், கைக்கு ஆள் இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. மதித்து விட்டுவிட வேண்டும்.

அப்புறம், "என் பேரைச் சொல்லுங்க, பார்த்துச் செய்வார்" என்று சொல்லி அனுப்பும் பழக்கம். கடைக்காரருக்கு இது தர்மசங்கடம். குறைத்தால் அவருக்கு நஷ்டம், குறைக்காவிட்டால் நமக்கு மனக்கசப்பு வருமோ என்ற பயம். முழுக் காசு கொடுக்கும் ஆளை அனுப்புவதுதான் நாம் அவருக்குச் செய்யும் உதவி.

போய்வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் வாதாட வேண்டாம். அவர் நாக்கு அவருடையது. என்ன பிடிக்கவில்லை என்று கேட்டுவைத்துக்கொண்டால் அடுத்த முறை அவருக்கு ஏற்ற இடத்தைச் சொல்ல முடியும்.

நான் இப்போது யார் யாருக்கு எந்தக் கடையைச் சொன்னேன் என்று போனில் குறித்துவைக்கிறேன். சமீபத்தில் நான் அடிக்கடி சொல்லும் கடை ஒன்று வேறு தெருவுக்கு மாறியது. குறிப்பைப் பார்த்து ஏழு பேருக்குச் செய்தி அனுப்பினேன். நண்பரின் அம்மாவும் அதில் ஒருவர். "புது இடத்துல படி உண்டா?" என்று மட்டும் கேட்டிருந்தார். அன்று சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு, வாசலில் ஒரே ஒரு படி, உள்ளே முதுகு சாய்கிற நாற்காலி என்று பதில் அனுப்பினேன்.