கஞ்சா பற்றிய ஆய்வுகளைத் தேட எந்தப் பெயரைத் தட்டுவது?

தங்கைக்குக் கல்லூரி புராஜெக்ட், தலைப்பு கஞ்சா. கூகுளில் அந்தச் சொல்லைத் தட்டினாள். "இத்தனை கிலோ பறிமுதல், நாலு பேர் கைது" என்று வரிசையாக வந்தது. தண்டையார்பேட்டையில் இருப்பவர்களுக்கு இதைக் கூகுள் வேறு சொல்ல வேண்டுமா? அவளோடு மூன்று நாள் உட்கார்ந்து பிடிபட்டது இது.

முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். மருத்துவமா, சட்டமா, வரலாறா?

அடுத்தது பெயர்ப் பட்டியல். நான் வழுக்கி விழுந்த இடம் இது. செடி ஒன்றுதான், எழுதியவரைப் பொறுத்துப் பெயர் மாறும். மருத்துவக் கட்டுரைகளில் 'கன்னாபிஸ்'. அமெரிக்கச் சட்டம் என்றால் 'மரிஹுவானா'. பழைய தாள்களில் 'ஜே' எழுத்து இருக்காது, 'ஹெச்' இருக்கும். 1937 வரிச் சட்டத்தின் பெயரே அப்படித்தான். வெள்ளைக்காரன் கால ஆவணங்களில் 'இந்தியன் ஹெம்ப்'. கஞ்சாவைப் பற்றி அந்த அரசு அமைத்த 1893-94 விசாரணைக் குழுவின் பெயரிலும் 'ஹெம்ப்'தான், 'கஞ்சா' கிடையாது. சரி என்று வெறும் 'ஹெம்ப்' போட்டேன். கயிறும் துணியும் வந்தன, கூடவே சணப்புப் பயிர். அரை நாள் போச்சு. நம் 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூ, காய் உள்ள நுனிதான். தனி இலை அதில் வராது. இலையில் செய்வது பாங். ஆகவே 'பாங்' என்று தனியாகவும் தேடுங்கள்.

பெயர்களை ஆங்கிலத்தில் அடித்து நடுவில் 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') போடுங்கள். இரட்டைச் சொல்லுக்கு மேற்கோள் குறி. பப்மெடில் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம்) 'கன்னாபி' வரை அடித்து நட்சத்திரக் குறி வைத்தால் கன்னாபினாய்டு, கன்னாபிடையால் எல்லாம் சேர்ந்து வரும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இந்த வித்தை பலிக்காது. மருத்துவத்துக்கு என் ஓட்டு பப்மெடுக்குத்தான்.

அப்புறம் நேரில் போங்கள். மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர், கன்னிமாரா நூலகம். பட்டியலில் உருப்படியான ஒரு புத்தகம் கிடைத்ததும், அதன் பொருள் தலைப்பை (எதைப் பற்றிய புத்தகம் என்று நூலகம் போடும் தலைப்பு) குறித்துக்கொண்டு அதையே திரும்பத் தேடுங்கள். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூயி முறையில் போதைப் பழக்கம் 362.29, மருந்தியல் 615. ஒரே அலமாரியில் எல்லாம் இருக்காது.

பின்சேர்க்கை: வியாசர்பாடித் தம்பி ஒருவருக்கு ஸ்காலரில் ஒன்றும் சரியாக வரவில்லையாம். 'ஆர்' என்பதைச் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறார். பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். "தேடினால் போலீஸ் வருமா அண்ணா?" என்றும் கேட்டார். படிப்பதற்கு யாரும் வரமாட்டார்கள், தம்பி. அந்த விசாரணைக் குழு அறிக்கையே ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது.