பிரிட்டன் தேர்தலையும் பிரெக்ஸிட்டையும் சேர்த்துக் கணிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

2015 மே மாதம், வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் வரை கன்சர்வேட்டிவும் லேபரும் சமநிலையில் இருப்பதாகவே கருத்துக்கணிப்புகள் காட்டின. தொங்கு நாடாளுமன்றம் வரும், பிரதமர் டேவிட் கேமரன் மறுபடி லிபரல் டெமாக்ரட்டுகளோடு கூட்டணி பேசுவார், அந்தப் பேரத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்று மக்களிடம் கேட்கும் வாக்கெடுப்பு வாக்குறுதி காணாமல் போகும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏராளம். கன்சர்வேட்டிவ் 331 இடங்களோடு தனித்து வந்தது. லிபரல் டெமாக்ரட்டுகள் 57 இடங்களிலிருந்து 8-க்குச் சரிந்தார்கள். வாக்குறுதியைக் கைவிட்டுப் பழியைப் போடக் கூட்டாளி இல்லை. 2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு நடந்தது, ஒன்றியத்தை விட்டு விலகல் (பிரெக்ஸிட்) தரப்பு 51.9% பெற்றது.

இங்கே உள்ளவை இரண்டு தனித்தனிக் கணிப்புகள். வாக்கு எப்படி இடமாகிறது என்பது ஒன்று, இடம் எப்படி ஐரோப்பியக் கொள்கையாகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதில் கோட்டை விடுபவர்களே அதிகம்.

வாக்கு விகிதத்தில்

ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ஒரு கட்சியின் விகிதம் 3 புள்ளி மேலோ கீழோ போகலாம். இரு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் பிழை கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆகவே "5 புள்ளி முன்னிலை" என்ற ஒற்றைக் கணிப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடைசி வாரத்தில் பல நிறுவனங்கள் எடுத்தவற்றின் சராசரியைப் பாருங்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி தவறினால் சராசரியும் தவறும். 2015-இல் நடந்தது அதுதான். பேசக் கிடைத்த ஆட்களே நாட்டின் உண்மையான கலவையாக இல்லை என்பது பின்னர் நடந்த விசாரணையின் முடிவு.

அதைவிடப் பெரிய தப்பு, போன தேர்தலின் நோய்க்கு இந்தத் தேர்தலில் மருந்து கொடுப்பது. 2015-இல் லேபரை அதிகமாக மதிப்பிட்டுவிட்டோம் என்று 2017-இல் சில நிறுவனங்கள் இளைஞர்களின் வாக்களிப்பு எடையைக் கடுமையாகக் குறைத்தன. அந்த முறை லேபர் 40% வாங்கியது. 2024-இல் மறுபடி லேபரை அதிகமாகக் காட்டின. பிழை எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இரு பக்கமும் இடம் விட்டுத்தான் எண்ணைத் தர வேண்டும்.

சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடப்பது: பெரும்பாலான கருத்துக்கணிப்புகள் வட அயர்லாந்தைச் சேர்ப்பதில்லை. அங்குள்ள 18 தொகுதிகளில் கட்சிகளே வேறு. 2019-இல் கன்சர்வேட்டிவ் வாக்கு அதை விட்டுப் பார்த்தால் 44.7%, சேர்த்தால் 43.6%. ஒன்றை எடுத்து இன்னொன்றோடு ஒப்பிட்டு "கணிப்பு தவறிவிட்டது" என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இடக் கணக்கில்

அதிக வாக்கு வாங்கியவரே எம்பி என்ற முறை நமக்குப் பழக்கமானதுதான். பழகியிருப்பதே ஒரு விதத்தில் ஆபத்து, ஏனென்றால் தமிழ்நாட்டுத் தேர்தலைப் பார்த்து வளர்ந்த கண் உடனே கூட்டணிக் கணக்குப் போடும். இரண்டு கட்சிகளின் விகிதத்தையும் கூட்டி, "சேர்ந்தால் ஜெயித்திருப்பார்கள்" என்று முடிவு கட்டும். பிரிட்டனில் தேர்தலுக்கு முன் தொகுதிப் பங்கீடு அபூர்வம். 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய ஆதரவுச் சிறு கட்சிகள் 60 தொகுதிகளில் மட்டும் உடன்பாடு செய்துகொண்டன. லேபர் அதில் இல்லை. எதிர்ப்பக்கம் நைஜல் ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சி, கன்சர்வேட்டிவ் வசமிருந்த 317 தொகுதிகளில் தானாகவே ஒதுங்கியது. விளைவு கென்சிங்டனில் தெரிந்தது: கன்சர்வேட்டிவ் லேபரை 150 வாக்குகளில் வென்றது, மூன்றாவதாக வந்த லிபரல் டெமாக்ரட் வாங்கியது ஒன்பதாயிரத்துக்கும் மேல். இரண்டாம் வாக்கெடுப்பு வேண்டும் என்ற கட்சிகள், வாக்கெண்ணிக்கையில் நாடு முழுக்க பாதிக்கு மேல் பெற்றும் தோற்றன.

வாக்கு எங்கே குவிகிறது என்பதே எல்லாம். 2015-இல் ஒன்றியத்தை விட்டு விலகக் கோரிய யூகிப் கட்சி 12.6% வாங்கி ஒரே ஒரு இடம் பெற்றது. ஸ்காட்லாந்தில் மட்டும் நின்ற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 4.7% வாங்கி 56 இடங்களை அள்ளியது. 2019 மே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், விகிதாச்சார முறையில், பிரெக்ஸிட் கட்சி 30%-ஐத் தாண்டி முதலிடம். அதே ஆண்டு டிசம்பர் பொதுத்தேர்தலில் பூஜ்யம்.

2016 வாக்கெடுப்பு முடிவைத் தொகுதி மேல் அப்படியே ஒட்டுவது இன்னொரு பொறி. முதலாவதாக, 2016-இல் வாக்குகள் உள்ளாட்சிப் பகுதி வாரியாக எண்ணப்பட்டன. தொகுதி வாரி எண்களில் பெரும்பாலானவை மதிப்பீடுகள். இரண்டாவதாக, விலகலை ஆதரித்த ஊரில் லேபருக்குப் போட்டவர்களும் விலகல்காரர்கள் என்று ஆகாது. ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் 69.4% விலகல். 2017-இல் அங்குள்ள மூன்று தொகுதிகளில் இரண்டை லேபர் தக்கவைத்தது. 2019-இல் மூன்றும் கன்சர்வேட்டிவ் கைக்குப் போயின. 2024-இல் மூன்றும் லேபருக்குத் திரும்பின. வாக்கெடுப்பு எண் ஒன்றே, தேர்தல் முடிவு மூன்று விதம்.

தொகுதி வாரியாக மாதிரி கட்டும் கணிப்புகள் இதற்கு ஓரளவு மருந்து. 2017-இல் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அப்படித்தான் தொங்கு நாடாளுமன்றத்தைப் பிடித்தது. ஆனால் அதே நிறுவனம் 2019-இல் கன்சர்வேட்டிவுக்கு 339 என்றது, வந்தது 365. நடு எண்ணை மட்டும் எடுத்துச் செய்தியாக்காமல் அவர்களே தரும் வீச்சையும் படிக்க வேண்டும்.

இரவு 10 மணிக்கு பிபிசி, ஐடிவி, ஸ்கை சேர்ந்து வெளியிடும் எக்ஸிட் போல் பொதுவாக நம்பத்தக்கது: 2019-இல் கன்சர்வேட்டிவுக்கு 368 என்றது. போன முறை கேட்ட அதே வாக்குச்சாவடிகளில் மாற்றத்தை அளப்பதே அதன் பலம். புதிதாக எழும் கட்சிக்கு ஒப்பிடப் பழைய அடிப்படை குறைவு என்பதால் அங்கே தடுமாறும். 2024-இல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்கு 13 சொன்னது, கிடைத்தது 5.

பெரும்பான்மையிலிருந்து பிரெக்ஸிட்டுக்கு

மொத்தம் 650, பாதி 325, எனவே 326 வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சபாநாயகரும் மூன்று துணைச் சபாநாயகர்களும் வாக்களிப்பதில்லை. வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சி எம்பிக்கள் அவைக்கே வருவதில்லை. 2017-இல் அவர்கள் 7 பேர். ஆக வாக்களிப்போர் 639. கன்சர்வேட்டிவ் 317-இல் ஒருவர் துணைச் சபாநாயகர், மீதி 316. வட அயர்லாந்தின் டியூபி கட்சியின் 10 சேர்த்தால் 326. எதிரே 313. பிரதமர் தெரசா மேயின் உண்மையான பெரும்பான்மை 13.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள்கூட அடுத்த அடியில் வழுக்கினார்கள், 13 இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தோடு மே போட்ட விலகல் ஒப்பந்தம் எப்படியோ தேறிவிடும் என்று. 2019 ஜனவரி 15 அன்று அது 202-க்கு 432 என்று வீழ்ந்தது. மேயின் சொந்தக் கட்சியிலேயே 118 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆட்சியைத் தாங்கிய டியூபியும் எதிர்த்தது. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் சட்டம் அங்கே இல்லை. ஆகவே கட்சி எண்ணிக்கையை எழுதியதும் அதற்குக் கீழே கோஷ்டி எண்ணிக்கையையும் எழுத வேண்டும்: ஒப்பந்தமே வேண்டாம் என்பவர்கள் எத்தனை, மென்மையான விலகல் கேட்பவர்கள் எத்தனை, வட அயர்லாந்து எல்லை ஏற்பாட்டை ஏற்காதவர்கள் எத்தனை.

2019 டிசம்பரில் கதை மாறியதற்கு 80 என்ற பெரும்பான்மை மட்டும் காரணமில்லை. செப்டம்பரில் 21 எம்பிக்களைப் புதிய பிரதமர் போரிஸ் ஜான்சன் கட்சிக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார் (பத்துப் பேர் பின்னர் சேர்க்கப்பட்டார்கள்). வேட்பாளர்கள் எல்லோரும் அவருடைய ஒப்பந்தத்தை ஆதரிப்பதாக ஒப்புக்கொண்டே நின்றார்கள். தேர்தல் முடிந்த எட்டாம் நாள் விலகல் ஒப்பந்த மசோதா இரண்டாம் வாசிப்பை 358-க்கு 234 என்று தாண்டியது.

எதிர்ப்பக்கத் தவறு 2024-இல் நடந்தது. லேபர் 33.7% வாக்கில் 411 இடங்கள் வாங்கியதும், "பிரெக்ஸிட் ரத்தாகப் போகிறது" என்று பலர் எழுதினார்கள். தேர்தல் அறிக்கையைத் திறந்து பார்த்திருந்தாலே போதும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்புவதில்லை, தடையற்ற குடியேற்றமும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த எல்லைக்குள்தான் ஒன்றியத்தோடு 2025 மே 19 லண்டன் உச்சி மாநாடும் நடந்தது. உணவுப் பொருள் சோதனையைக் குறைக்கப் பேச்சு, பதிலுக்கு ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை மீன்பிடி உரிமை.

அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் வந்தாக வேண்டும். யார் வென்றாலும் மறுநாளே எதுவும் கிழிபடாது. ஒன்றியத்தோடு உள்ள வர்த்தக ஒப்பந்தத்தை விட்டு விலக எழுத்து மூலம் அறிவித்து 12 மாதம் காத்திருக்க வேண்டும்; ஒன்றியத்தில் புதிதாகச் சேர விரும்பினால் மறுமுனையில் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். பிரிட்டன் வாக்காளருக்கு அந்த 27 தலைநகரங்களில் வாக்கு கிடையாது.